அப்பாவின் டிவிஎஸ் 50 யாருக்குச் சேரும்?

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, கல்யாணமாகித் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் 36 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஊர், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா பால்காரர். 1994இல் தவணைக்கு ஒரு டிவிஎஸ் 50 வாங்கினார். விடிகாலை நாலரைக்கு இரண்டு பக்கமும் கேனை மாட்டிக்கொண்டு கிளம்பி நாலு ஊருக்குப் பால் ஊற்றுவார். திரும்பி வந்து, கேனை இறக்கிவிட்டு, அதே வண்டியில் மகளை முன்னால் நிற்கவைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவார். கால் வழுக்காமல் இருக்க ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டிருப்பார். ஏரிக்கரை மேட்டில் வண்டி திணறினால் அப்பா பெடலை மிதிக்க, மகள் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளுவாள். கேன் கொக்கி முப்பது வருஷம் உரசி உரசி வண்டியின் பக்கவாட்டில் பிறை மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தை மூடி வைத்தேன்.

அப்பா போன வருஷம் ஐப்பசியில் தவறிப்போனார். உயில் எதுவும் எழுதவில்லை. வண்டி ஊர் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. தம்பிக்கு அந்த இடம் வேண்டும்; அவருடைய பைக் வெயிலில் காய்கிறது. பழைய இரும்புக்கடைக்காரர் 3,500 ரூபாய் சொல்லியிருக்கிறார், 500 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். அக்கா கேட்டதற்குத் தம்பி சொன்ன பதில்: “நீ கட்டிக்குடுத்துப் போன புள்ள. உனக்கு இதுல என்னக்கா இருக்கு? நிலம்னா பங்கு கேளு, ஓட்ட வண்டிக்கெல்லாமா பங்கு? பதினஞ்சு வருஷம் தாண்டுன வண்டிய கவர்மெண்டே வச்சிருக்கக் கூடாதுங்குது.”

வாசகியின் கேள்விகள்: வண்டியில் எனக்கு உரிமை உண்டா? ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பா, “வண்டியப் பாப்பா வச்சுக்கட்டும்” என்று சொன்னது உயிலாகாதா? தம்பி மீறி விற்றால் திருட்டுப் புகார் கொடுக்கலாமா? வண்டியைத் திருப்பூருக்குக் கொண்டுவந்து புதுசாகப் பெயிண்ட் அடித்து ஓட்ட ஆசை, அதற்கு என்ன செய்ய வேண்டும்?

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். உரிமை உண்டு. உங்கள் தம்பி இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார், அவரைப் போலக் குழம்புகிறவர்கள் ஊருக்கு நூறு பேர். 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுக்கவும் வந்த திருத்தங்கள் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தவை. அப்பா தன் உழைப்பில் வாங்கிய பொருளுக்கு அந்தத் திருத்தமே தேவையில்லை. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொந்தச் சம்பாத்தியம் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும் என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா என்ற கேள்வி அங்கே கிடையாது. நிலமா வண்டியா மாடா பித்தளை அண்டாவா என்ற பேதமும் கிடையாது. (உங்கள் கடிதத்திலிருந்து நீங்கள் இந்துக் குடும்பம் என்று தெரிவதால் இப்படிச் சொல்கிறேன். கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் கணக்கு வேறு.)

மாடு என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அப்பா இறந்த மறு மாதமே தம்பி இரண்டு கறவை மாட்டையும் விற்றார் என்று மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதிலும் உங்களுக்குப் பங்கு இருந்தது. அதற்கு நீங்கள் கணக்குக் கேட்கவில்லை, 3,500 ரூபாய் வண்டிக்கு ஆறு பக்கம் எழுதுகிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. இருபது வருஷமாகப் பாகப்பிரிவினை வழக்குகள் பார்க்கிறேன். ஏக்கர் கணக்கில் நிலத்தை ஒரே உட்காரலில் பிரித்துக்கொண்டு, கடைசியில் ஊஞ்சல் பலகைக்கு முட்டிக்கொண்டு நின்ற அண்ணன் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தம்பியிடம் பேசும்போது மாட்டுப் பணத்தை நீங்கள் கேட்காமல் விட்டதை அவருக்கு ஞாபகப்படுத்துவதில் தப்பில்லை. சண்டைக்கு இழுக்காமல், “அதை நீயே வச்சுக்கிட்ட, நான் வாயத் திறக்கல. இது ஒண்ண எனக்காக விடு” என்று.

பங்கு எத்தனை தெரியுமா?

கடிதம் முழுக்க நீங்களும் தம்பியும்தான் இருக்கிறீர்கள். அம்மா ஒரே ஒரு வரியில் வருகிறார்: “அம்மா எதிலும் தலையிட மாட்டார்.” அப்பாவைப் பெற்ற அப்பத்தா இன்னொரு வரியில்: “அப்பத்தாவுக்கு 86 வயசு, தினமும் காலையில் முந்தானையால் வண்டி சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.”

சட்டப்படி அந்த வண்டிக்கு வாரிசுகள் நாலு பேர். அம்மா, அப்பத்தா, நீங்கள், தம்பி. ஆளுக்குக் கால் பங்கு. இரும்புக்கடை விலையில் பார்த்தால் தலைக்கு 875 ரூபாய். வண்டியில் பாதி அந்த இரண்டு பெண்களுடையது. அவர்களை இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி கேட்காமல் விலை பேசினார், நீங்கள் கேட்காமல் திருப்பூருக்குக் கொண்டுபோக யோசிக்கிறீர்கள்.

உரிமை உண்டு என்று நான் சொன்னதும் “அப்படியென்றால் வண்டி எனக்குத்தான்” என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு இருப்பது வண்டியில் ஒரு பங்கு. வண்டியைப் பிய்த்துப் பிரிக்க முடியாது என்பதால், கோர்ட்டுக்குப் போனால் கடைசியில் விற்றுக் காசைப் பிரிக்கச் சொல்வதில்தான் போய் முடியும். நீங்கள் தடுக்க நினைப்பதே நடக்கும், அதுவும் வக்கீல் ஃபீஸ் கொடுத்து.

அப்பா சொன்ன வார்த்தை

வாய்மொழியாகச் சொன்னது உயில் ஆகாது. உயில் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போர்முனையில் இருக்கும் ராணுவத்தினர் போன்ற சிலருக்கு மட்டும்தான் விலக்கு. பதிவு செய்யாத உயில் செல்லாது என்று பலரும் நினைக்கிறார்கள், அது தவறு. வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்டிருந்தாலே போதும். அப்பாவின் பால் கணக்கு நோட்டுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நம்மூர் ஆட்கள் முக்கியமான காகிதத்தை எங்கெல்லாமோ செருகி வைப்பார்கள்.

இன்னொரு வழி தானம். வண்டி மாதிரி அசையும் பொருளைப் பத்திரம் பதியாமலே தானம் கொடுக்கலாம், கையில் ஒப்படைத்தாலே போதும். அப்பா நடமாட்டமாக இருந்தபோதே சாவியையும் வண்டியையும் உங்களிடம் கொடுத்திருந்தால் நான் வேறு மாதிரி பதில் எழுதியிருப்பேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் ஆஸ்பத்திரியில், வண்டி வீட்டில், சாவி தம்பியின் அரைஞாண் கயிற்றில். ஒப்படைப்பு நடக்கவில்லை.

ஆனால் அந்த வார்த்தையை அப்பா சொன்னபோது கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மாவும் இருந்தார் அல்லவா? கோர்ட்டில் செல்லாத அந்த வார்த்தை உங்கள் வீட்டுக் கூடத்தில் செல்லும். அதை நீங்கள் சொல்வதைவிட அம்மா வாயால் வருவது நல்லது.

போலீஸுக்குப் போக வேண்டாம்

தம்பியும் பங்குதாரர். நீங்கள் புகார் கொடுத்தால் ஸ்டேஷனில் பெரும்பாலும் “இது சிவில் மேட்டரும்மா” என்று திருப்பி அனுப்புவார்கள். வண்டியும் திரும்பாது, அடுத்த தீபாவளிக்குத் தம்பி வீட்டு வாசலில் கால் வைக்கவும் முடியாது.

அதற்குப் பதில் தம்பிக்கு அவருடைய சொந்த ஆபத்தைச் சொல்லுங்கள். மற்ற மூன்று பேர் சம்மதம் இல்லாமல் அவர் தன் கால் பங்குக்கு மேல் விற்க முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், ஆர்.சி. புத்தகம் இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. இரும்புக்கடைக்குப் போகிற வண்டியெல்லாம் இரும்பாகிவிடுவதில்லை. கொஞ்சம் தட்டிக்கொட்டி வேறு யாருக்கோ ஐயாயிரத்துக்குக் கைமாறி, அவர் அதில் யாரையாவது இடித்துவிட்டால், நஷ்டஈட்டு வழக்கு வண்டி நம்பரைப் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குத்தான் வரும். கைமாற்றிவிட்டாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயருக்குரியவர் இறந்துவிட்டால் அவர் விட்டுப்போன சொத்திலிருந்து, அதாவது தம்பி உழுதுகொண்டிருக்கும் நிலத்திலிருந்து, அது வசூலாகலாம். 3,500 ரூபாய்க்காக இந்த வம்பு வேண்டுமா என்று கேளுங்கள். உண்மையிலேயே வண்டியை உடைப்பதென்றாலும் முறை இருக்கிறது: அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும்.

“பதினஞ்சு வருஷம் தாண்டுன வண்டிய வச்சிருக்கக் கூடாது” என்பதும் தவறான செய்தி. அது டெல்லிப் பக்கத்துக் கதை. அங்கே காற்று மாசுக்காக 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை வந்தது. அரசுக்குச் சொந்தமான பழைய வண்டிகளுக்கு 2023 முதல் பதிவைப் புதுப்பிப்பதில்லை, அதுவும் உண்மை. தனியார் வண்டிக்குத் தமிழ்நாட்டில் அப்படி எதுவும் இல்லை. பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். உங்கள் அப்பாவே 2009லும் 2014லும் போய்ப் புதுப்பித்திருக்கிறார், புத்தகத்தில் முத்திரை இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2019க்குப் பிறகு விட்டுவிட்டார். கடைசி ஐந்து வருஷம் அந்த மனிதர் பதிவு முடிந்த வண்டியில்தான் பால் ஊற்றியிருக்கிறார். பரவாயில்லை, இனி அபராதம் கேட்க ஆள் இல்லை.

ஓட்டவா, வைத்துக்கொள்ளவா?

இதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் வேலை வேறு.

ஓட்டத்தான் வேண்டும் என்றால் கொஞ்சம் அலைச்சல் இருக்கிறது. ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாற வேண்டும். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் உரிமை போய்விடாது, தாமதத்துக்கான தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற மூன்று வாரிசுகளின் சம்மதக் கடிதம், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதில் அப்பத்தா பெயர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி விட்டுப்போகும் பெயர் அதுதான்.

உங்களுடையது பழைய காகிதப் புத்தகம் என்பதால் முதலில் அதன் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, புத்தகத்தில் ‘எச்.பி.ஏ.’ (தவணைக் கொள்முதல் ஒப்பந்தம்) என்று ஃபைனான்ஸ் கம்பெனியின் முத்திரை இருக்கிறதா பாருங்கள். அப்பா தவணைக்கு வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். கடைசித் தவணையைக் கட்டிய அன்றோடு கடன் முடிந்துவிட்டதாக எல்லாரும் நினைப்போம், புத்தகத்தில் அது அப்படியே கிடக்கும். ஃபைனான்ஸ் கம்பெனியிடம் கடன் தீர்ந்த கடிதம் வாங்கிப் படிவம் 35 கொடுத்து நீக்கினால்தான் மற்ற வேலை நகரும்.

பெயர் மாற்றத்தோடு புதுப்பித்தலும் சேரும். படிவம் 25, பசுமை வரி, புகைச் சான்றிதழ், தாமதக் கட்டணம். 20 வருஷம் தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். லைட், ஹாரன், பிரேக் எல்லாம் வேலை செய்ய வேண்டும். எல்லாம் சேர்ந்தால் இரும்புக்கடை சொன்ன விலையைத் தாண்டிவிடும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் முடியும்வரை “தெரு முக்குவரைக்கும்தானே” என்று எடுக்காதீர்கள். பதிவு இல்லாமல் ஓட்டினால் முதல்முறையே 2,000 முதல் 5,000 ரூபாய்வரை அபராதம், இன்சூரன்ஸ் இல்லாததற்குத் தனியாக 2,000.

பெயிண்ட் விஷயம். நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். பேட்டரி வண்டியாக மாற்றலாம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதற்கு, அனுமதி பெற்ற கிட் இருந்தால் மட்டுமே வழி. சட்டம் இவ்வளவுதான். ஆனால் சகோதரி, கொக்கி உரசிய தழும்பைப் பற்றிக் கடிதத்தில் அரைப் பக்கம் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் பெயிண்ட் அடிக்கக் கேட்கிறீர்களே. பெயிண்டர் முதல் வேலையாக உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பது அந்த இடத்தைத்தான்.

ஓட்டாமல் வைத்துக்கொள்வதென்றால் வேலை குறைவு. ரோட்டுக்கு வராத வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. வீட்டுக்குள் நிற்கும் வண்டியை யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆனாலும் உரிமையாளர் இறந்துவிட்டார், வண்டி உபயோகத்தில் இல்லை என்று ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு கடிதம் எழுதி ஒப்புகை வாங்கி வையுங்கள். நாளைக்கு வண்டி களவு போனாலும் அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றும். நாலு வாரிசும் சேர்ந்து ஒரு சாதாரண ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்: வண்டியை விற்பதில்லை, பாதுகாப்பது மகள் பொறுப்பு என்று. கையெழுத்தும் இரண்டு சாட்சியும் போதும்.

என்னைக் கேட்டால், இப்போதைக்கு இரண்டாவது வழி. அதுவும் வண்டியைத் திருப்பூருக்குக் கொண்டுவர வேண்டாம். நீங்கள் இருப்பது மாடி வீட்டு வாடகை போர்ஷன், வண்டி தெருவில்தான் நிற்கும். அங்கே ஊரில் ஒரு கிழவி தினமும் காலையில் எழுந்து முந்தானையோடு தாழ்வாரத்துக்கு வருகிறார். உங்களுக்கு அது அப்பாவின் வண்டி, அவருக்கு மகனின் வண்டி. கால் பங்குக்காரரும்கூட.

தம்பியின் பைக்குக்கு இடம்தானே பிரச்சினை? மாடு விற்றதிலிருந்து கொட்டகை காலியாகக் கிடக்கிறது என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். வண்டியை அங்கே நகர்த்தலாம். நகர்த்துவதற்கு முன்னால் தாழ்வாரத்திலிருந்து கொட்டகைவரை அப்பத்தா தடுமாறாமல் நடக்க முடிகிறதா என்று ஒருமுறை நடக்கவைத்துப் பாருங்கள். முடியாதென்றால் தம்பியின் பைக்தான் கொட்டகைக்குப் போக வேண்டும். டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் இறக்கிவிடச் சொல்லுங்கள், சென்டர் ஸ்டாண்ட் போட்டே வையுங்கள். சேசிஸ் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு நகல் எடுத்து ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். துரு ஏறிவிட்டால் பிறகு எந்த ஆபீஸுக்குப் போனாலும் நம்பர் படிக்க வராது.

முன்பணமாக வாங்கிய 500 ரூபாயைத் தம்பி இந்த வாரமே இரும்புக்கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடட்டும். அவர் செலவழித்துவிட்டதாகச் சொன்னால் நீங்கள் அனுப்புங்கள். பணத்தைக் கொடுக்கும்போது அம்மாவும் கூடப் போய், “வண்டி விக்கிறதா இல்லப்பா” என்று தன் வாயால் சொல்லிவிட்டு வரட்டும்.